பகலெல்லாம் தூங்கிய மகள்

மகளுக்கு ஏழு மாதம் முடிந்த மறுநாள் நான் வேலைக்குத் திரும்பினேன். சிதம்பரத்தில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் லேப் டெக்னீஷியன் வேலை. வீடு கடலூர் பழைய நகரம் ஓ.டி.யில், ஒரு மாடிப் போர்ஷன். காலை ஏழு மணிக்குப் பஸ் ஏறினால் எட்டரைக்கு லேபில் இருக்கலாம். சாயங்காலம் ஐந்துக்குக் கிளம்பினால் ஆறரைக்கு வீடு.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. என் அம்மா அண்ணாகிராமத்தில், பக்கவாதம் வந்து படுத்திருந்த அப்பாவை விட்டு நகர முடியாமல் இருந்தாள். மாமியார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். என் கணவருக்குக் குடிகாட்டுப் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை. சொந்தத்தில் கட்டிக்கொண்டதால் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். நைட் ஷிப்டை நிரந்தரமாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றார். யாரும் விரும்பாத ஷிப்ட் என்பதால் உடனே கொடுத்துவிட்டார்கள்.

"நான் காலைல ஆறரைக்கு வந்துடுறேன். நீ ஏழு மணிக்குக் கௌம்பு. பாப்பா தூங்கறப்ப நானும் ஒரு தூக்கம் போட்டுக்கறேன். என்னா இப்போ?" என்றார்.

பேசும்போது அது அவ்வளவு சுலபமாக இருந்தது.

நாட்காட்டியில் கிழித்த ஒரு தாளின் பின்பக்கம் அட்டவணை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். ஒன்பது மணிக்கு ராகிக் கூழ். பதினொன்றுக்குச் சங்கில் தாய்ப்பால். ஒரு மணிக்குப் பருப்பும் நெய்யும் விட்டு மசித்த சாதம். மூன்று மணிக்கு மறுபடி பால். நான்கு மணிக்கு வாழைப்பழம். கீழே கட்டங்கள் போட்டு, கொடுத்ததும் டிக் அடிக்கச் சொன்னேன். லேபில் எட்டு வருடமாக மாதிரிக் குழாய்களுக்கு லேபிள் ஒட்டுகிற கை. எதையும் எழுதி ஒட்டிவிட்டால் அது ஒழுங்காக நடக்கும் என்று நம்புகிற கை.

காலையில் நாலரைக்கு எழுந்து ராகி மாவை வடிகட்டி, பால் எடுத்துக் காய்ச்சி, பருப்பை வேகவைத்து, மூன்று சின்ன டப்பாக்களில் போட்டு வைத்துவிட்டுப் போவேன். சாயங்காலம் வந்து பார்த்தால் டப்பாக்கள் கழுவிக் கவிழ்த்திருக்கும். தாளில் ஐந்து டிக் இருக்கும்.

"சாப்ட்டாளா?"

"ம்ம். சாப்ட்டா."

அதற்குமேல் கேட்க எனக்கும் தெம்பு இருக்காது. செருப்பைக் கழற்றி, கைகால் கழுவி, புடவையை மாற்றுவதற்குள் மகள் சிணுங்க ஆரம்பித்திருப்பாள். மடியில் போட்டால் முக்கால் மணி நேரம் விடமாட்டாள். அதன் பிறகு கண் இரண்டும் பளிச்சென்று விழித்து, தவழ்ந்து, சிரித்து, அலமாரியில் இருப்பதையெல்லாம் இழுத்துப் போடுவாள். ஒன்பது மணிக்கு அவர் டிபன் கேரியரோடு கிளம்பிப் போவார். அதற்குப் பிறகு விடியும்வரை நானும் அவளும்தான். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கேட்பாள். வாயில் வைத்தபடியே கண்ணயர்வாள், எடுத்தால் விழித்துக்கொள்வாள். ஒருக்களித்துப் படுத்துப் படுத்து எனக்கு இடது தோள்பட்டை மரத்துப்போய்விட்டது. லேபில் ரத்தம் எடுக்கும்போது அந்தக் கையைத் தூக்க வலது கை துணைக்கு வேண்டியிருந்தது.

லேபில் தினமும் இரண்டு முறை பால் எடுக்க வேண்டும். அங்கே இருந்த ஃப்ரிட்ஜில் வைக்க முடியாது. ரத்தமும் சிறுநீரும் இருக்கிற இடம். அதனால் ஐஸ் போட்ட ஒரு சின்னப் பெட்டி கொண்டுபோவேன். ஸ்டோர் ரூமுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ரிசப்ஷனில் உட்காருகிற பெண், என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், வெளியே கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொள்வாள். கையால் அழுத்துகிற பம்பு. பஞ்சு மூட்டைகளுக்கும் ஸ்பிரிட் கேன்களுக்கும் நடுவில் உட்கார்ந்து அழுத்திக்கொண்டே இருப்பேன். சில நாள் பாதி பாட்டில், சில நாள் அடியில் ஒரு விரல் அளவு.

"வர்லியா?" என்று கதவுக்கு வெளியிலிருந்து கேட்பாள்.

"வர்து, வர்து. ரெண்டு நிமிஷம்."

"மெதுவா எடு. நாலு பேருதான் ஒக்காந்துருக்காங்க. டோக்கன் குடுத்து வெச்சிருக்கேன்."

ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்கு ஒரு புதன்கிழமை லீவு போட்டு, இரண்டு பேருமாகச் சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். நர்ஸம்மா எடைபோட்டுவிட்டு அட்டையைப் பார்த்தார். மறுபடியும் எடைபோட்டார்.

"ஏம்மா, ரெண்டு மாசமா எட நின்ன எடத்துலயே நிக்குது. என்னா குடுக்குற?"

நான் போனில் இருந்த அட்டவணையின் போட்டோவைக் காட்டினேன். ஒரு கட்டம் விடாமல் டிக். நர்ஸம்மா அதைப் பார்த்தார், மகளைப் பார்த்தார்.

"இவ்ளோ சாப்புடுற புள்ளையா இது?"

எனக்கு முகம் சுட்டது. பொய் சொல்கிறேன் என்று நினைக்கிறாரா? நாலரைக்கு எழுந்து ராகி வடிகட்டுகிறவளிடம் இப்படியா கேட்பது? பக்கத்தில் மகளைத் தோளில் போட்டுக்கொண்டிருந்த கணவர், சுவரில் ஒட்டியிருந்த சத்துணவுப் படத்தை ரொம்ப நேரம் படித்துக்கொண்டிருந்தார்.

"வயித்துல பூச்சி இருக்கலாம். ரத்தம் கம்மியா இருக்கலாம். டாக்டர்ட்ட காட்டிடு," என்றார் நர்ஸம்மா.

டாக்டர் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். வெளியில் எங்கேயும் எடுக்க எனக்கு மனம் வரவில்லை. குழந்தைகளுக்கு நரம்பு கிடைப்பது கஷ்டம். எங்கள் லேபில் குழந்தை வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சனிக்கிழமை மகளை என்னோடு சிதம்பரத்துக்குக் கொண்டுபோய், ரிசப்ஷன் பெண் அவளைப் பிடித்துக்கொள்ள, நானே எடுத்தேன். அவரும் வந்திருந்தார். மகள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். ஊசி இறங்கியதும் அவள் முகம் மாறியதை நான் பார்க்காமல் குழாயையே பார்த்தேன். முதல் முறையிலேயே கிடைத்துவிட்டது. திரும்பிப் பார்த்தபோது அவர் அறையில் இல்லை. வெளியே ஸ்கூட்டர் வரிசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ரத்தத்தைப் பார்த்தால் அவருக்கு ஆகாது போல என்று நினைத்துக்கொண்டேன்.

பூச்சி இல்லை. ரத்தம் கொஞ்சம் கம்மி, பயப்படும்படி இல்லை. அப்படியானால் குறை என் பாலில்தான் என்று முடிவுசெய்தேன். கீழ்வீட்டு அக்காவிடம் சொன்னேன். அக்கா மாதாகோயிலுக்குப் போகிற குடும்பம், இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள், வீட்டுக்காரர் துறைமுகத்தில் ஐஸ் பேக்டரியில் இருந்தார்.

"பால் பத்தல போலக்கீது. பூண்டு ஜாஸ்தி சேத்துக்க. நல்ல பால்சுறா வந்தா அவர எடுத்தாரச் சொல்றேன். புட்டு செஞ்சு தர்றேன். ரெண்டு வேள துன்னு, அப்புறம் பாரு," என்றார் அக்கா. பிறகு, "ஆனா உன் பொண்ணு சமத்தும்மா. பகல்ல மேல ஒரு சத்தம் கேக்குறதில்ல," என்று சேர்த்துக்கொண்டார். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் லேபில் ஒரு காரியம் நடந்தது. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வந்த இரண்டு பெண்கள், ஏறக்குறைய ஒரே வயது. ஒருத்தியின் குழாயில் மற்றவள் எண்ணை ஒட்டிவிட்டேன். மெஷினில் வைக்கக் கை நீட்டும்போது, முதலில் எடுத்தவளுக்கு ரத்தம் மெதுவாக வந்ததும், குழாய் கொஞ்சம் குறைவாக நிரம்பியதும் ஞாபகம் வந்தது. குறைந்த குழாயில் மற்றவள் எண் இருந்தது. இரண்டையும் கொட்டிவிட்டு, குழாயில் ரத்தம் உறைந்துவிட்டது என்று சொல்லி, இரண்டு பேரிடமும் மறுபடி எடுத்தேன். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கையை நீட்டினார்கள். ஸ்டோர் ரூமுக்குப் போய் பம்பைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். கொட்டாவிதான் வந்தது.

அதற்கு நாலைந்து நாள் கழித்து ஒரு மழை நாள். மத்தியானமே பிடித்துக்கொண்டது. மூன்று மணிக்கு லேபில் கூட்டம், பால் எடுக்க முடியவில்லை. சாயங்காலம் பாண்டிச்சேரி போகிற ஒரு தனியார் பஸ்ஸில் ஏறி, கடைசிக்கு முந்தைய சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஓ.டி.க்கு டிக்கெட் எடுத்தேன். பஸ்ஸில் தினமும் தூங்குவேன். குடிகாடு நெருங்கும்போது ஜன்னல் வழியாக ஒரு காரமான நெடி வந்து மூக்கில் ஏறும், கண் தானாகத் திறந்துவிடும். அதற்குப் பிறகு பத்து நிமிடத்தில் இறங்க வேண்டும். அன்று மழைக்காக எல்லா ஷட்டரையும் இறக்கிவிட்டிருந்தார்கள்.

யாரோ சீட்டின் கம்பியைத் தட்டினார்கள்.

"ஏம்மா, எறங்கு. பஸ் ஷெட்டுக்குப் போவுது."

"ஓ.டி. வந்துருச்சா?"

கண்டக்டர் என்னை உற்றுப் பார்த்தார். "ஓ.டி.யா? தொண்ட கிழியக் கூவுனனேம்மா. இது பாண்டிச்சேரி."

எழுந்து நின்றபோதுதான் முன்பக்கம் முழுக்க நனைந்திருப்பது தெரிந்தது. மழை இல்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு இறங்கினேன். இரண்டு மார்பும் கல்லாக இருந்தன, அக்குள்வரை வலித்தது. லேபில் சைலண்டில் போட்ட போனை எடுத்துப் பார்த்தால் அவரிடமிருந்து பத்துப் பன்னிரண்டு அழைப்புகள். கூப்பிட்டேன்.

"எங்க இருக்க நீ?" என்றார். பின்னால் மகளின் அழுகை கேட்கவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

"தூங்கிட்டேன் மாமா. பாண்டிச்சேரி வந்துட்டேன். பாப்பா எப்படி இருக்கா?"

"இருக்கா. நீ மொதல்ல வா. பாத்து வா."

கடலூர் பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. கடலூரில் இறங்கி, ஓ.டி.க்கு ஆட்டோ பிடித்து, வீட்டுக்கு வந்து சேர ஒன்பது மணி ஆகிவிட்டது. மேலே விளக்கு இல்லை. கீழ்வீட்டுக் கதவு திறந்திருந்தது. கூடத்தில் அவர் யூனிபார்மோடு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் மகள். முன்னால் ஒரு தட்டு. மகளின் கன்னம், மூக்கு, கழுத்து, சட்டை எங்கும் சோற்றுப்பருக்கை.

அக்காதான் சொன்னார். "எட்டு மணிலேர்ந்து ஒரே அழுகம்மா. சங்குல இருந்த பாலெல்லாம் தீந்து போச்சு. இவரு தூக்கிக்கினு கீழ வந்துட்டாரு. நான் உனக்குன்னு சுறாப்புட்டு செஞ்சு வெச்சிருந்தேன். 'நீயாவது துன்னுப்பா'ன்னு சோத்தோட இவருக்கு ஒரு தட்டு போட்டேன். அவ்ளோதான், பாப்பா தட்டுல கைய வுட்டுட்டா. அள்ளி அள்ளி வாயில வெச்சிக்கிறா. மொளகாய எல்லாம் இவரு ஒன்னொன்னாப் பொறுக்கிப் போட்டாரு."

என் பால் ஊறுவதற்காகச் செய்த புட்டு அது. மகளை வாங்கி, அக்காவின் உள்ளறையில் உட்கார்ந்து மார்பில் வைத்தேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டேன். இரண்டு நிமிடம் குடித்தாள். பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு, கையால் என்னைத் தள்ளிவிட்டுத் தூங்கிப்போனாள். வயிறு திம்மென்று இருந்தது. அவள் வேண்டாம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மீதியை அக்கா கொடுத்த ஒரு சொம்பில் பிழிந்து ஊற்றினேன்.

மேலே வந்தபின் அவர் வேலைக்குக் கிளம்பவில்லை. அன்றைக்கு லீவு சொல்லிவிட்டதாகச் சொன்னார். சட்டைப் பட்டனைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டு நின்றார்.

"ஒன்னு சொல்லணும்."

"சொல்லுங்க."

"அந்தக் கூழு. நாந்தான் குடிச்சேன்."

"எந்தக் கூழு?"

"தெனமும் நீ வெச்சிட்டுப் போறது. கூழு, சாதம், பழம், எல்லாம். மொத ரெண்டு நாளு ஊட்டிப் பாத்தேன். துப்பிட்டா, அழுதா. எனக்குக் கண்ணு சொருவுது. ஜன்னல சாத்தி, கருப்புத் துணியப் போட்டு, ஃபேன வேகமா வெச்சு பக்கத்துல படுக்க வெச்சா அவளும் தூங்கிடறா. முழிச்சா சங்குல பாலு, திரும்பத் தூக்கம். அப்படியே நாலு மணி, அஞ்சு மணி ஆயிடும்."

"டிக்கு?"

"நீ வர்றதுக்கு முன்னாடி போட்டுடுவேன். கொட்ட மனசு வர்ல, அதான் குடிச்சிட்டேன்."

பகலெல்லாம் இருட்டு அறையில் அவளைத் தூங்கவைத்தால் இரவு எப்படித் தூங்குவாள்? பகலில் சாப்பிடாத சோற்றையெல்லாம் இரவில் என்னிடம்தான் வாங்கிக்கொண்டிருந்தாள். எல்லாம் அந்த நிமிடத்தில் புரிந்தது. ஆனால் என் வாயில் வந்தது வேறு.

"அவளுக்கு ரத்தம் எடுத்தேனே மாமா. சிரிச்சிக்கிட்டே கைய நீட்டினா. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "சொல்லத்தான் வந்தேன். வாய் வர்ல. போன வாரம் பிளாண்டுல நின்னுக்கினே தூங்கிட்டேன். வேற வால்வுல கைய வெச்சிட்டேன். பக்கத்துல இருந்தவன் கையத் தட்டி வுட்டான். யார்ட்டயும் சொல்லல."

அப்போது அந்த இரண்டு குழாய்களைப் பற்றி நானும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோபமாக இருந்தேன், அந்தக் கோபம் எனக்கு வேண்டியிருந்தது. மூன்று நாள் அவசியத்துக்கு மட்டும் பேசினேன். குழாய் விஷயத்தை அவரிடம் இன்றுவரை சொன்னதில்லை.

ஒரு வாரம் லீவு போட்டேன். கருப்புத் துணியைச் சுருட்டிப் பரணில் போட்டேன். காலையில் வெயில் அறைக்குள் விழுந்ததும் மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு கத்தினாள். தூங்கவிடாமல் மடியில் வைத்திருந்தேன், அவள் அழ, நானும் கூடவே அழுத நேரமும் உண்டு. கூழை இப்போதும் துப்பினாள். ஆனால் எங்கள் தட்டில் இருப்பது வேண்டும். இட்லியைப் பிய்த்து முன்னால் வைத்தால், கால் பங்கு வாய்க்குள், முக்கால் பங்கு தலையில். மசித்து மசித்து வைத்துவிட்டுப் போன இரண்டரை மாதத்தை நினைத்தால் கை வலித்தது. சுறாப்புட்டு பற்றி நர்ஸம்மாவிடம் கேட்டேன். "எப்பவாவது ஒருநாளுன்னா பரவால்ல. தெனமும் அதே வேணாம். முட்ட குடு, கீர குடு, சின்ன மீனு முள்ளெடுத்துக் குடு," என்றார். அட்டவணையின் போட்டோவை இந்த முறை நான் காட்டவில்லை.

அவர் நைட் ஷிப்டை விட்டு, காலை ஆறிலிருந்து இரண்டு வரையான ஷிப்ட் கேட்டார். கிடைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதுவரை ஒரு வழியாக ஓட்டினோம். பிறகு காலையில் மகள் கீழ்வீட்டில் இருந்தாள். அங்கே தூங்க வழியே இல்லை. மிக்சி ஓடும், பால்காரர் வருவார், டி.வி.யில் ஜெபம் நடக்கும். அக்கா அடுப்படியில் உட்காரவைத்து எதையாவது கையில் கொடுத்துக்கொண்டே இருப்பார். இரண்டரை மணிக்கு அவர் வந்து வாங்கிக்கொள்வார்.

ஒரே நாளில் எதுவும் மாறிவிடவில்லை. இரவில் எட்டு முறை என்பது ஐந்தானது, ஐந்து மூன்றானது, பல் முளைத்தபோது ஏழுக்குப் போனது, சளி பிடித்தபோது கணக்கே இல்லை. ஆனால் இப்போது அவரும் வீட்டில் இருந்தார். நான் பால் கொடுத்து முடித்ததும் தோளில் வாங்கிக்கொண்டு நடப்பார். நடந்துகொண்டே தூங்குவார், கதவில் ஒருமுறை இடித்துக்கொண்டார். எடை அரைக் கிலோ ஏறியது. லேபில் பதினொரு மணிக்குப் பால் எடுப்பது தேவைப்படாமல் போனது. சொன்னபோது ரிசப்ஷன் பெண், "அப்போ எனக்கு அந்தப் பத்து நிமிஷ ரெஸ்டும் போச்சா?" என்றாள்.

ஒரு வயது முடிந்ததும் திருவந்திபுரம் கோயிலில் முடியிறக்கினோம். அண்ணாகிராமத்திலிருந்து அம்மா வர முடியவில்லை, போனில் வீடியோவில் பார்த்தாள். என் அண்ணன் மடியில் உட்காரவைத்து மொட்டையடித்தார்கள். தலையெல்லாம் சந்தனத்தோடு மகள் தன் தலையைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டாள். சாமி பார்த்துவிட்டு வந்து, மலைப்படிக்குப் பக்கத்தில் ஒரு மர நிழலில் பாயை விரித்தோம். தயிர்சாதம் கட்டிக்கொண்டு போயிருந்தேன். பாத்திரத்தைத் திறந்து வைத்துவிட்டு, இலையெடுக்க அவர் போனார். வரட்டும் என்று மரத்தில் சாய்ந்தேன்.

விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் தூங்கியிருந்தேன். என் தலைக்கடியில் யாரோ பையை வைத்திருந்தார்கள். அண்ணன் கிளம்பிப் போய்விட்டிருந்தான். ரவிக்கை லேசாக நனைந்திருந்தது. நாலடி தள்ளி அவரும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஒரு கை தயிர்சாதத்தை எடுத்து அவர் வாயில் அப்பினாள், அடுத்த கையைத் தன் வாயில் வைத்துக்கொண்டாள்.

நான் எழுந்து உட்கார்ந்து, "அம்மாகிட்ட வரியா?" என்று கை நீட்டினேன்.

மகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பிறகு இலையில் மிச்சமிருந்ததைத் துழாவப் போய்விட்டாள்.